சடங்கு ஊருக்கு, விளக்கம் யாருக்கு?

ஒரு வீட்டில் பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டாள் என்றால் அச்செய்தி எவ்வளவு விரைவாகப் பரவுகின்றது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தாய்மாமனுக்கு ஆள் போகின்றது. பச்சை ஓலையாலும் தழையாலும் ஒதுக்கிடம் அமைகின்றது. சில நாட்களில் அழைப்பிதழ் அச்சாகின்றது, ஒலிபெருக்கி கட்டப்படுகின்றது, சீர்த்தட்டுகள் வரிசையாக வந்து சேருகின்றன. யாழ்ப்பாணத்தார் இதனைச் சாமத்திய வீடு என்பர். மலையகத்தார் சடங்கு என்பர், மஞ்சள் நீராட்டு என்பர். பெயர் எதுவாயினும் ஊரெல்லாம் கூடி மகிழும் வைபவம் அது.

இவ்வாறு ஊர் முழுவதும் அறிந்துவிட்ட விஷயத்தை அறியாதவர் ஒருவர் மாத்திரம் உண்டு. அலங்கரித்த ஆசனத்தில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அந்தச் சிறுமிதான் அவர்! தன் சரீரத்தில் நிகழ்ந்தது யாது, அது ஏன் நிகழ்ந்தது, இனி எவ்வாறு தன்னைப் பேணிக்கொள்வது என்பவற்றை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் பெரும்பாலும் ஒருவருமில்லை. "இதைத் தொடாதே, அங்கே போகாதே, பையன்களோடு பேசாதே" என்ற கட்டளைகள் மாத்திரமே அவள் காதில் விழுகின்றன. ஊருக்குச் சொல்ல வெட்கப்படாத நாம், உரியவளிடம் சொல்ல வெட்கப்படுகின்றோம். இது பற்றியே இவ்வாரம் பெற்றோரோடும், இப்பகுதியைப் படிக்கும் மாணவ மாணவியரோடும் பேச விரும்புகின்றோம்.

கண்டிக்குத் தென்கிழக்கே, கலஹாவைக் கடந்து மலைமேல் அமைந்துள்ள தெல்தோட்டையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனை அடுத்துள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கேயே ஆரம்பமாயிற்று. மலையகத் தமிழரும், முஸ்லிம்களும், சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. அங்கே தோட்டத்துப் பெண்மணி ஒருத்தி விடிந்ததும் பெரட்டுக்குப் போகின்றாள். நாள் முழுவதும் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகின்றது. சமையலும் தண்ணீரும் விறகும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. மகளோடு தனியே அமர்ந்து பேச அவளுக்கு நேரமேது? நேரம் கிடைத்தாலும், தகப்பனும் பாட்டியும் தம்பிமாரும் ஒன்றாக உறங்கும் லயக் காம்பராவில் தனியிடமேது? ஆகவே, மௌனத்துக்கு வெட்கம் மாத்திரம் காரணமன்று. வாழ்க்கை அமைப்பும் ஒரு காரணமாகும். இதனை உணராமல் தாய்மாரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. எனினும், காரணம் எதுவாயினும், துன்பம் அனுபவிப்பது பிள்ளையே அன்றோ?

அப்பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது அப்படியென்ன கடினமானது? சிறிது நேரத்தில் சொல்லி முடிக்கத்தக்க விஷயமே அது.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை என்னும் சிறிய உறுப்பு உண்டு. அதன் இரு பக்கங்களிலும் இரண்டு சூலகங்கள் உள்ளன. பெண் குழந்தை பிறக்கும்போதே முதிராத சூல்கள் அவற்றில் அமைந்திருக்கின்றன. பருவம் வந்ததும் மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு சூல் முதிர்ந்து வெளிப்படுகின்றது. அதே வேளையில், ஒரு கரு தங்கினால் அதனைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டுக் கருப்பையின் உட்சுவர் தடித்து ஆயத்தமாகின்றது. கரு தங்காவிடின் அந்த உட்படலம் தேவையற்றதாகி, இரத்தத்தோடு கலந்து வெளியேறுகின்றது. மாதவிடாய் என்பது இதுவே. இது நோயன்று, காயமன்று, கெட்ட இரத்தமுமன்று. உடல் ஒழுங்காகத் தொழிற்படுகின்றது என்பதற்கு அடையாளமே அது.

பெரும்பாலான சிறுமியர் 12 வயதளவில் பூப்பெய்துகின்றனர். ஒன்பதில் எய்துவாரும் உண்டு, பதினைந்தில் எய்துவாரும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் இது ஒழுங்காக வராமற் போகலாம். 21 நாளில் வருவதும் 45 நாளில் வருவதும் அந்த வயதில் இயல்பே. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். வெளியேறும் இரத்தமோ பார்வைக்கு மிகுதியாகத் தோன்றினும் பொதுவாக 80 மில்லி லீற்றருக்கு மேற்படுவதில்லை. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு தரம் துணி மாற்ற வேண்டிய அளவு போனாலும், பாடசாலைக்குப் போக இயலாத அளவு வலித்தாலும், 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வயிற்றுவலியைப் பொறுத்துக்கொள்வது பெண்ணின் கடமை என்று எண்ணுவது பேதைமை.

சுத்தம் பற்றியும் சொல்லிக் கொடுத்தல் அவசியம். பஞ்சுத்துண்டாயினும் துணியாயினும் நான்கு அல்லது ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துணியைச் சவர்க்காரமிட்டு நன்றாகத் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். நம் வீடுகளில் நடப்பதென்ன? பிறர் கண்ணிற் படலாகாது என்று கட்டிலுக்கு அடியிலும், மற்ற உடுப்புகளுக்குக் கீழும், இருண்ட மூலைகளிலும் அதனை உலர்த்துகின்றோம். ஈரம் உலராத துணியில் கிருமி வளர்கின்றது. புண்ணும் அரிப்பும் உண்டாகின்றன. அந்நாட்களில் குளிக்கலாகாது என்பதும் தவறு. நாள்தோறும் குளிப்பதே நன்று.

பணமும் இங்கே ஒரு தடையாகும். இறக்குமதியான பஞ்சுத்துண்டுகளின் மீது 2018ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் விதிக்கப்பட்டிருந்த வரிகளின் மொத்தம் நூற்றுக்கு 101.2 ஆகும். அதாவது, பொருளின் விலையினும் வரி மிகுதியாயிருந்தது! அவ்வாண்டில் அது 62.6 ஆகக் குறைக்கப்பட்ட பின்னரும் நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமையாகவே இருந்தது. சடங்குக்குக் கடன் வாங்கும் தகப்பனார், அச்செலவில் ஒரு சிறு பங்கை மகளின் மாதாந்தத் தேவைக்கென ஒதுக்கி வைப்பாராயின், அப்பிள்ளை மாதந்தோறும் மூன்று நாள் பாடசாலையைத் தவறவிடும் நிலை நீங்கும். அவளுடைய உணவையும் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து அவசியம். கீரையும் பருப்பும் நெத்தலியும் முட்டையும் அவள் தட்டில் இருத்தல் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். தேயிலை விளையும் ஊரிலுள்ளோர் இதனை முக்கியமாக நினைவிற்கொள்ளுதல் நன்று. பாடசாலையில் வழங்கும் இரும்புச்சத்து வில்லைகளை வீசி எறியாமல் விழுங்கும்படியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி, ஆண்பிள்ளைகளின் நிலை என்ன? அவர்களுக்குச் சடங்குமில்லை, சொல்லும் இல்லை. குரல் உடைகின்றது, மீசை அரும்புகின்றது, ஓரிரவு நித்திரையில் விந்து தானாக வெளிப்படுகின்றது. பையன் திடுக்கிட்டுப் போகின்றான். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்று எவனோ ஒரு கூட்டாளி அவனுக்குச் சொல்கின்றான். தான் மெலிந்து, நினைவிழந்து, ஆண்மையற்றவனாகிவிடுவேன் என்று அவன் அஞ்சுகின்றான். அந்த அச்சத்தை நம்பியே எத்தனையோ போலி வைத்தியர்கள் சுவரொட்டிகளாலும் விளம்பரங்களாலும் பிழைத்து வருகின்றனர். 1960ஆம் ஆண்டில் இந்திய மனநோய் வைத்திய நிபுணர் என். என். விக் என்பார் இவ்வச்சத்தால் உண்டாகும் களைப்பையும் மனச்சோர்வையும் ஆராய்ந்து, அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். இங்கே உடலை வாட்டுவது அச்சமேயன்றி, விந்து வெளிப்பட்டதன்று. விந்து ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது; அது வெளிப்படுவதால் இரத்தமும் குறையாது, அறிவும் குறையாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தகப்பனார் மகனிடம் சொல்லியிருந்தால், எத்தனை இளைஞர்கள் மனநோயினின்றும் வீண்செலவினின்றும் தப்பியிருப்பார்கள்!

பையன்களுக்கு மாதவிடாயைப் பற்றியும் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பர். ஐயமின்றிச் சொல்ல வேண்டும். சீருடையில் கறை பட்ட சகமாணவியைப் பார்த்து நகைக்கும் பையன், அறியாமையினால் நகைக்கின்றான். காரணம் அறிந்தவன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பிற் கட்டிக்கொள்ளக் கொடுப்பான். நாளை அவனே கணவனாகவும் தகப்பனாகவும் ஆகப்போகின்றவன்.

இவற்றோடு நின்றுவிடவும் இயலாது. பிள்ளை உண்டாவது எவ்வாறு என்பதையும் தக்க வயதில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆணும் பெண்ணும் கூடும்போது ஆணின் விந்தணு பெண்ணின் சூலோடு சேருவதாற் கரு உண்டாகின்றது. ஒரே ஒரு முறை கூடினாலும், முதன் முறையே ஆயினும், கரு தரிக்கலாம். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக்கூடும். இளவயதிற் கருத்தரிக்கும் பெண்ணுக்கு இரத்தச்சோகையும், உயர் குருதி அமுக்கமும், கடினமான பிரசவமும் நேரும் அபாயம் மிகுதி. பிறக்கும் சிசுவும் நிறை குறைந்து பிறக்கலாம். கல்வி இடையில் அறுந்துபோவதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் சட்டத் திருத்தங்களின் பின்னர், 16 வயது நிறையாத பெண்ணோடு உறவுகொள்வது, அவள் இசைந்திருப்பினும், குற்றமாகும். பொதுச் சட்டத்தின்படி திருமண வயது இருபாலாருக்கும் 18. உற்றாராயினும் அயலாராயினும், பெரியவராயினும் மதிக்கத்தக்கவராயினும், தகாத முறையில் தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லவும், உடனே வந்து நம்பிக்கையான ஒருவரிடம் கூறவும் சிறுவயதிலேயே பழக்க வேண்டும். உறுப்புகளின் பெயரைச் சொல்லவே கூசும்படி வளர்த்த பிள்ளை, தனக்கு நேர்ந்த கொடுமையை எச்சொல்லால் எடுத்துரைக்கும்? வீட்டிற் சொல்ல இயலாத பிள்ளை, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

"இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்பதே பெற்றோர் பலரின் அச்சம். நல்லெண்ணத்தினால் எழும் அச்சமே அது. ஆகையால் அதற்கு மதிப்பளித்தே விடை கூறுதல் வேண்டும். பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி யுனெஸ்கோ நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், முறையான பாலியற் கல்வி பிள்ளைகளை உறவுக்கு விரைவாகத் தூண்டுவதில்லை என்று கண்டிருக்கின்றது. மேலும், நாம் சொல்லாவிட்டாற் பிள்ளை அறியாமலே இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. கையிலுள்ள தொலைபேசி அதற்குச் சொல்லிவிடும். அதுவும் பொய்யும் வக்கிரமும் கலந்தே சொல்லும். பிள்ளை அறியப்போவது உறுதியாயிருக்க, யாரிடம் அறிவது நல்லது என்று தீர்மானிப்பதே நம்மால் ஆவது.

பாடசாலை இதற்கு உதவாதா? ஆறாம் வகுப்பிலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடமாக உண்டு. ஆயினும் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வரும்போது, "இதை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்கள் இன்றும் உள்ளனர். வீட்டாரோ பாடசாலை சொல்லும் என்றிருக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் ஏழாம் வகுப்பு மாணவருக்கென்று கல்வி அமைச்சு ஆயத்தம் செய்த 'ஹதே அபே பொத' என்னும் நூலும், எழுந்த எதிர்ப்பினால், மாணவர் கைக்குச் சேராமல் நிறுத்தப்பட்டது. ஒரு நூலின் குறைகளைத் திருத்தலாம். திருத்திப் பின்னர் கொடுக்கலாம். ஒன்றையுமே கொடாமல் விட்டால் பிள்ளைகளின் ஐயங்கள் தீர்வது எப்படி?

இந்த எதிர்ப்பு நம் நாட்டுக்குப் புதியதுமன்று. அதனை வென்றவர்களும் நம்மிடையே வாழ்ந்திருக்கின்றனர். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் வாழ்ந்த டாக்டர் மேரி இரத்தினம், பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூல்கள் எழுதினார். குடும்பத் திட்ட ஆலோசனை நிலையம் ஒன்றையும் தொடங்கினார். 1958ஆம் ஆண்டில் மக்சேசே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியபோது, பெண் மருத்துவ நிபுணரான டாக்டர் சிவா சின்னத்தம்பி அதன் முன்னோடிகளுள் ஒருவராய் விளங்கினார். தமிழ்க் குடும்பங்களோடு தொடர்புடைய இப்பெண்மணிகள் அன்று வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பின், எத்தனை தாய்மார் மடிந்திருப்பர்!

மலையகத்தாருக்கு இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. 1980ஆம் ஆண்டு முதற்கொண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அரசு ஊக்கப்பணம் வழங்கிற்று. தோட்டத்துப் பெண்கள் பெருந்தொகையினர் அச்சிகிச்சையைப் பெற்றனர். அவர்கள் எல்லோரும் விஷயத்தை முழுவதும் உணர்ந்துதான் இசைந்தார்களா என்ற கேள்வியைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் எழுப்பினர். தன் உடலைப் பற்றி யாதொன்றும் சொல்லித் தரப்படாமல் வளர்ந்த பெண், பிறர் நீட்டிய தாளிற் கைநாட்டு வைப்பதைத் தவிர வேறென்ன செய்ய இயலும்? சரி என்று சொல்லவும், மறுத்துச் சொல்லவும், காரணம் கேட்கவும் ஆற்றலைத் தருவது அறிவு. அந்த அறிவை 10 வயதில் ஊட்டத் தொடங்கினாலன்றி 30 வயதில் அது திடீரென வந்துவிடாது.

ஆகவே, பெற்றோர் செய்யத்தக்கவை யாவை?

முதலாவதாக, முந்திச் சொல்லுங்கள். ஒன்பது அல்லது பத்து வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். இரத்தத்தைக் கண்டு பிள்ளை அலறிய பின்னர் சொல்லும் விளக்கம் பாதிப் பயனையே தரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் வேண்டாம். இன்று மாதவிடாய் என்ன என்பது. மற்றொரு நாள் சுத்தம். வயது ஏறியபின் கருத்தரிப்பும் பொறுப்பும் என்று சிறுகச் சிறுகச் சொல்லலாம்.

இரண்டாவதாக, தாய்க்கு நேரமில்லையேல் பாட்டியோ, அத்தையோ, மூத்த அக்காவோ சொல்லலாம். ஆண்பிள்ளைக்குத் தகப்பனோ மாமனோ சொல்லட்டும். சீர் கொண்டுவரும் தாய்மாமன், மருமகளுக்கு நல்லதொரு சுகாதார நூலையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தால் அதனினும் சிறந்த சீர் வேறில்லை. காம்பராவில் தனியிடமில்லையேல், ஞாயிற்றுக்கிழமை பீலியில் துணி துவைக்கும்போதும், விறகுக்குப் போகும் வழியிலும் பேசலாமே!

மூன்றாவதாக, உங்கள் பகுதியிலுள்ள குடும்ப நல உத்தியோகத்தரை நாடுங்கள். மருத்துவ மாது என்று நாம் அழைக்கும் அவர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு மாத்திரம் உரியவரல்லர். பருவ வயதினரின் ஐயங்களைத் தீர்ப்பதும் அவர் பணியே. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், இளைஞர்க்கென 'யொவுன் பியச' என்ற பெயரில் இயங்கும் நிலையங்களிலும் ஆலோசனை கிடைக்கும். தமிழிற் பேசுவோர் அங்கே இல்லையென்றால், தமிழிற் பேசும் ஒருவரை அனுப்பும்படி கேட்கத் தயங்க வேண்டாம். தாய்மொழியிற் கேட்கும் உரிமை நமக்குண்டு.

நான்காவதாக, 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே கொடுக்கப்படும் தடுப்பூசியை மறுக்க வேண்டாம். மனித பப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியால் உண்டாகும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயினின்றும் காப்பாற்றுவது அது. பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் ஊசி என்று பரப்பப்படும் வதந்தியில் உண்மை சிறிதுமில்லை.

மாணவ மாணவியரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் உடலைப் பற்றிக் கேட்பது வெட்கத்துக்குரிய செயலன்று. கேட்கத் தகுந்தவர் தாய், தந்தை, ஆசிரியை, மருத்துவ மாது, வைத்தியர் ஆகியோரே. இரகசியமாகக் காட்டப்படும் படமும், இரகசியமாக விற்கப்படும் மருந்தும் உங்களுக்கு நன்மை செய்ய வந்தவையல்ல.

சடங்கை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. உற்றார் கூடுவதும், மாமன் சீர் கொணர்வதும், மூத்தோர் ஆசி வழங்குவதும் நல்லனவே. தீட்டு என்று சொல்லிப் பிள்ளையைக் குளிரில் ஒதுக்கிடத்திற் கிடத்துவதையும், பாடசாலையை நிறுத்துவதையும் மாத்திரம் விட்டுவிடுங்கள். மஞ்சள் நீர் தலையில் விழுவதற்கு முன்னரே நான்கு நல்ல வார்த்தைகள் அவள் காதில் விழட்டும்.